பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: பாக்கெட்டில் பத்தில் ஒரு பங்குதான் மருந்து

வேலூர் ஐடா ஸ்கடர் ரோடானாலும் சரி, குடியாத்தம், ராணிப்பேட்டைக் கடைத்தெருவானாலும் சரி, டாக்டர் சீட்டில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன் என்று சொல்வது) ஜெல் என்று இருந்தால் கவுண்டருக்கு வருவது ஆண்களுக்காகச் செய்த மருந்துதான். பெண்களுக்கென்றே தயாரித்தது இங்கே விற்பனைக்கு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தயாராகும் ஆண்ட்ரோஃபெம் என்ற 1 சதவீத க்ரீமுக்கு ஆஸ்திரேலியா 2020இல் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பு 2006 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பாவில் இன்ட்ரின்சா என்ற, தோலில் ஒட்டும் பேட்ச் இருந்தது. பிறகு அது சந்தையை விட்டுப் போய்விட்டது. நம்மூரில் ஒரு பெண்ணுக்கு இது வேண்டுமென்றால், ஆண்களின் பாக்கெட்டை வாங்கி அதில் பத்தில் ஒரு பங்கை அளந்து பூசுவதுதான் வழி. அதனால் மருந்தைப் போலவே அளக்கும் முறையையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன்களின் வரிசையில் இது கடைசியில் நிற்கிறது. முன்னால் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேரே இதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். களைப்புக்கு, தூக்கமின்மைக்கு, மூட்டு வலிக்கு, மறதிக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். இவற்றில் எதற்கும் டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யும் என்று நிரூபணமாகவில்லை. மாதவிடாய் நின்றபின் குறைந்துபோன தாம்பத்திய ஆசைக்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது. அதனால் முன்வரிசையை முதலில் பார்த்துவிடலாம்.

முதலில் ஈஸ்ட்ரோஜன்

மாதவிடாய் நின்று 12 மாதம் முழுசாகக் கடந்தால் மெனோபாஸ். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் அன்றைக்கே அது ஆரம்பம். "மேலெல்லாம் கபகபன்னு கீது, ராத்திரி தூக்கமே இல்ல" என்று சொன்னால், வேலூரில் வரும் முதல் பதில் "வெயில் அப்படி" என்பதுதான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்தப் பதில் எளிதில் எடுபடும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவானது. வெயில் வெக்கை மெல்ல ஏறி, நிழலுக்கு வந்தால் மெல்ல இறங்கும். ஹார்மோன் சூடு நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சில நொடிகளில் ஏறி, சில நிமிஷம் இருந்து, வேர்த்துக் கொட்டி, கடைசியில் குளிர விட்டுவிட்டுப் போகும். மார்கழி விடியற்காலையிலும் வரும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் லைனில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் நடுவில் எழுந்து போகவும் முடியாமல் இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வருவது இந்தச் சூடு. இதற்கு ஈஸ்ட்ரோஜனுக்கு இணையான மருந்து வேறில்லை. சில வாரங்களில் குறையத் தொடங்கும், மூன்று மாதத்தில் நன்றாகத் தெரியும்.

இதற்குப் பெண்கள் பயப்படக் காரணம் 2002. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பிரிவை அந்த ஆண்டு நடுவில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்று கூடுகிறது என்ற செய்தி உலகமெல்லாம் பரவியது. அதில் கொடுத்தது குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராமும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன் 2.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. சாப்பிட்டவர்களின் சராசரி வயது 63. கூடிய மார்பகப் புற்று, ஆண்டுக்கு 10,000 பெண்களில் 8 பேருக்கு. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்று கூடவே இல்லை. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் ஆரம்பிக்கிறவர்களுக்குப் பலன் ஆபத்தைவிட அதிகம் என்பதே அந்தத் தரவுகளைத் திரும்ப அலசியபோது தெரிந்தது. 63 வயதுக்காரர்களின் கணக்கை 48 வயதுக்காரரிடம் சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை. அதே சமயம், மார்பகப் புற்று வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் உதிரப்போக்கு இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது.

மாத்திரையா ஜெல்லா என்றால் எங்கள் ஓட்டு ஜெல்லுக்கு. வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோல் வழியாகப் போவது அந்த வழியைத் தவிர்க்கிறது. வழக்கமான அளவில் ரத்த உறைவு ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. உடம்பு கனமானவர்கள், பிரஷர், சுகர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதனால் ஜெல்தான் நல்லது. நம்மூர் ஐம்பது வயதுப் பெண்களில் பலர் இதில் அடங்கிவிடுவார்கள். இன்னொரு காரணம், கல்லீரல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் கூட்டுகிறது. தைராக்ஸின் சாப்பிடுகிறவர் ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து, தேவைப்பட்டால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, களைப்பு போகவில்லை என்று ஹார்மோனைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. ஜெல்லில் இந்தச் சிக்கல் இல்லை.

0.06 சதவீத எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) ஜெல்லில் 1.25 கிராம் என்பது 0.75 மில்லிகிராம் மருந்து. பம்ப் டப்பாவானால் ஒரு அழுத்து. ஒன்றில் ஆரம்பித்து இரண்டு அழுத்தில் நிறுத்துவது வழக்கம். புது டப்பாவில் ஜெல் ஒரே சீராக வரும்வரை முதல் சில அழுத்துகளைத் துடைத்துப் போட்டுவிட வேண்டும். 80 கிராம் டப்பா 64 அழுத்துக்கு. அதற்குப் பிறகும் ஏதோ வந்துகொண்டிருக்கும், ஆனால் அளவு சரியாக இருக்காது. தினம் இரண்டு என்றால் 32 நாள். மாதக் கடைசியில் சூடு திரும்ப வருகிறது என்கிறவர்கள் முதலில் டப்பாவைப் பார்க்கட்டும். தோள் முதல் மணிக்கட்டு வரையோ, தொடையின் உள்பக்கமோ மெல்லியதாக அகலமாகப் பூச வேண்டும். மார்பில் பூசவே கூடாது.

மாத்திரை மோசமென்று சொல்லவில்லை. சினைப்பை எடுத்த 40 வயதுக்காரர், ஒல்லியானவர், வேறு நோய் இல்லாதவர் என்றால் புரோஜினோவா என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1 அல்லது 2 மில்லிகிராம் சரிதான். விலையும் குறைவு, எங்கும் கிடைக்கும். குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் இதே மாத்திரை போவதால் கவுண்டரில் "இது குழந்தைக்கான மாத்திரையாச்சே அம்மா" என்று யாராவது கேட்கலாம். ஐம்பது வயதுப் பெண் கூசிப்போய் வாங்காமல் திரும்பத் தேவையில்லை. "டாக்டர் எழுதினது அதுதான் தம்பி, குடுங்க" என்றால் போதும்.

பேட்ச் நம்மூருக்கு ஒத்துவராது. கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் வேலூர் வியர்வையில் ஓரம் கிளம்பிக்கொள்ளும்.

கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோனை விடக் கூடாது

கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் உள்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றாகவும் மாறலாம். அதைத் தடுப்பது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். மைக்ரோனைஸ்டு (நுண்ணியதாகப் பொடித்த) புரோஜெஸ்டிரோன் 100 மில்லிகிராம் தினமும், இல்லையென்றால் மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம். சஸ்டென், நேச்சுரோஜெஸ்ட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. தூக்கம் வரும் என்பதால் இரவில் போட வேண்டும். அதுவே தூக்கமில்லாதவர்களுக்கு லாபம். சில கேப்ஸ்யூல்கள் வேர்க்கடலை எண்ணெயில் செய்யப்படுகின்றன, கடலை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். டுஃபாஸ்டன் 10 மில்லிகிராம் மாற்று. கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் காயில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டுக்குத் தனியாக மாத்திரை வேண்டாம்.

நாங்கள் பார்த்தவரை அதிகம் நடக்கும் தப்பு இது: இரண்டு மருந்தில் ஒன்று தீர்ந்துபோகிறது, ஜெல் மட்டும் தொடர்கிறது. சூட்டை அடக்குவது ஜெல் என்பதால் புரோஜெஸ்டிரோன் இல்லாத குறை உடம்பில் தெரியாது. ஆறு மாதம் கழித்து உதிரம் பட்ட பிறகுதான் தெரியும். இரண்டையும் ஒரே பில்லில் வாங்குங்கள். ஆரம்பித்த மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது உதிரம் படுவது சகஜம். அதற்கு மேலும் பட்டால் ஸ்கேன், தேவைப்பட்டால் கர்ப்பப்பைச் சதைப் பரிசோதனை. மருந்து எதுவும் எடுக்காதவருக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு துளி பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

உள்ளே பூசும் க்ரீம்: பலரும் கேட்கத் தயங்குவது, பலருக்கும் இதுவே போதுமானது

டெஸ்டோஸ்டிரோன் கேட்டு வரும் பெண்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு போகிறது. தாம்பத்தியத்தில் வலிக்கிறது. வலிக்கும் என்று தெரிந்த உடம்பு ஆசைப்படாது. இங்கே ஆசையைக் கூட்ட மருந்து கொடுத்துப் பயனில்லை, வலியைத்தான் போக்க வேண்டும்.

எவலான் என்ற எஸ்ட்ரியால் (இதுவும் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீம், கிராமுக்கு 1 மில்லிகிராம், 15 கிராம் ட்யூப். ஒரு தடவைக்கு அரை கிராம். அப்ளிகேட்டரில் வளையக் கோடு இருந்தால் அதுவரை நிரப்பினால் போதும். முதல் மூன்று வாரம் தினம் இரவு, பிறகு வாரத்தில் இரண்டு இரவு. ஒரு ட்யூபில் 30 தடவை வரும். முதல் ட்யூப் ஏழு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே, அடுத்த ட்யூப் பதினைந்து வாரம் நிற்கும். அதற்கு முன்னால் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள். முதல் சில நாள் எரியலாம், மெலிந்த தோலுக்கு அது இயல்பு. விட்டுவிடாமல் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அப்ளிகேட்டரை ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும், கொதிக்க வைக்க வேண்டாம். இந்தச் சின்ன அளவு ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை என்பதால் கர்ப்பப்பை இருந்தாலும் கூடவே புரோஜெஸ்டிரோன் தேவையில்லை. உள்ளே வைத்திருக்கும் காகிதத்தில் மாத்திரைக்குப் போடும் எச்சரிக்கைகள் அப்படியே இருக்கும். அதைப் படித்துவிட்டு ட்யூபைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பயப்படத் தேவையில்லை. ஒரே விதிவிலக்கு, மார்பகப் புற்று சிகிச்சையில் இருப்பவர்கள், அதிலும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் இதைக்கூடத் தொட வேண்டாம்.

இந்த க்ரீமுக்கு இன்னொரு பலன் உண்டு, அது வேலூர்ப் பெண்களுக்கு ரொம்பவே வேண்டியது. நீர்க்கடுப்பு. வேலை இடத்தில் டாய்லெட் சரியில்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வரும். சூடு என்று இளநீர், மோர், வெந்தயம். அடங்காவிட்டால் ஆன்டிபயாடிக். மறுபடி ரெண்டு மாதத்தில் அதே. மாதவிடாய் நின்றவர்களுக்கு இதன் வேர் பெரும்பாலும் அந்த மெலிந்த தோலில் இருக்கிறது. க்ரீமைத் தொடர்ந்து போட்டால் இன்ஃபெக்ஷன் வருவது குறையும். தண்ணீர் குடிப்பதையும் விடக் கூடாது.

இப்போது டெஸ்டோஸ்டிரோன்

பெண் உடம்பிலும் இது சுரக்கிறது, சினைப்பையிலும் அட்ரினல் சுரப்பியிலும். இருபதுகளில் உச்சம், நாற்பதுகளுக்குள் ஏறக்குறைய பாதி. மாதவிடாய் இயல்பாக நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் மாதிரி இது சட்டென்று விழுவதில்லை. சினைப்பை இரண்டையும் எடுத்தால்தான் சட்டென்று பாதியாகும். அதனால் சின்ன வயதிலேயே ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதன் தேவை கூடுதல்.

2019இல் பல நாட்டு மெனோபாஸ், ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஓர் ஒருமித்த அறிக்கை வெளியிட்டன. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்க ஆதாரமுள்ள காரணம் ஒன்றுதான் என்றது அது: தாம்பத்திய ஆசை குறைந்து, அதனால் அந்தப் பெண்ணுக்கே மனக்கஷ்டம் இருப்பது. எங்களுக்கு இதில் முக்கியம் பின்பாதி. கணவர் குறைப்பட்டுக்கொள்கிறார் என்பது காரணமாகாது. ஆசை இல்லாமல் நிம்மதியாக இருக்கும் பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை. கஷ்டப்படுகிற பெண்ணுக்கோ, அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, மருந்து உள்ள விஷயம். மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்கும்போது இதைப் பேச முடியாது. "டாக்டரம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று உள்ளே போனதும் கேளுங்கள். கேட்டால் கூட வந்தவர்களை வெளியே அனுப்புவார்கள். சி.எம்.சி. ஆனாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆனாலும் அந்தத் தனிமை உங்கள் உரிமை.

ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. வறட்சி வலி இருக்கிறதா, ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் இருக்கிறதா. எஸ்ஸிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனநல மாத்திரைகளே ஆசையைக் குறைக்கும். தானாக நிறுத்தாமல் எழுதிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகச் சாப்பிடுகிறவர் முதலில் ஜெல்லுக்கு மாறிப் பார்க்கலாம். மாத்திரை கல்லீரலில் இன்னொரு புரதத்தையும் கூட்டுகிறது. அது உடம்பில் ஏற்கெனவே இருக்கும் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சிலருக்கு இந்த மாற்றமே போதும்.

ரத்தப் பரிசோதனை செய்வது டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று கண்டுபிடிக்க அல்ல. குறைந்த எண்ணுக்கும் குறைந்த ஆசைக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை. ஏற்கெனவே அதிகமாக இருப்பவருக்கு மேலும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதல் பரிசோதனை. மொத்த டெஸ்டோஸ்டிரோன் போதும். சாதாரண லேப் கருவிகள் ஆண்களின் அளவுக்காகச் செய்தவை, பெண்களின் சின்ன அளவில் தடுமாறும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்யும் லேப் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள். யூனிட்டைப் பாருங்கள்: ஒரு லேப் 40 என்று நானோகிராம் பெர் டெசிலிட்டரில் கொடுக்கும், இன்னொன்று 0.4 என்று நானோகிராம் பெர் மில்லிலிட்டரில் கொடுக்கும். இரண்டும் ஒன்றுதான். பூசுவதற்கு முன்னால், காலையில் ரத்தம் கொடுங்கள்.

அளவுக்கு வருவோம். இங்கே கிடைக்கும் 1 சதவீத ஜெல் பாக்கெட் 5 கிராம்; அதில் 50 மில்லிகிராம் மருந்து. அது ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு. பெண்ணுக்கு 5 மில்லிகிராம், அதாவது அரை கிராம் ஜெல். ஒரு பாக்கெட் 10 நாள் வர வேண்டும். டாக்டர் சீட்டில் வெறும் பெயரை எழுதி "தினம் 1" என்று இருந்தால் கடையில் இருப்பவர் தினம் ஒரு பாக்கெட் என்றுதான் சொல்லுவார். அது பத்து மடங்கு. "தினம் அரை கிராம், ஒரு பாக்கெட் 10 நாளைக்கு" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

அளக்க ஊசி இல்லாத 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்ச் போதும். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். அதில் கோடுகள் யூனிட்டில் இருக்கும், குழப்பம். பாக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் சின்னதாக வெட்டி, சிரிஞ்ச் முனையை உள்ளே விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் காற்று ஏறிவிடும், அளவு குறையும். 0.5 மில்லி. ஆல்கஹால் கலந்த ஜெல் தண்ணீரைவிட லேசு என்பதால் 0.5 மில்லி அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அது பாதுகாப்பான பக்கம்தான். உள்ளங்கையில் பிழிந்து பார்த்தால் ஒரு பட்டாணி அளவு. கண் பழகிய பிறகு பிதுக்கியே எடுக்கலாம், ஆனால் பாக்கெட்டின் மேல் திறந்த தேதியைப் பேனாவில் எழுதிவையுங்கள். ஆறாம் நாளே தீர்ந்தால் பட்டாணி பெரிதாகிவிட்டது. பதினைந்து நாள் வந்தால் உங்களுக்கு மருந்தே போதவில்லை. இதைவிட நேர்மையான சோதனை வீட்டில் கிடையாது. வெட்டிய மூலையை இரண்டு மடிப்பு மடித்து கிளிப் போட்டு, இறுக மூடும் சின்ன டப்பாவில் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்கஹால் ஆவியாகி மிச்ச ஜெல் கெட்டிப்படும், கடைசி நாட்களின் அளவு தாறுமாறாகும். மே மாதத்தில் இது சீக்கிரம் நடக்கும். கடையிலிருந்து வாங்கி ஸ்கூட்டி டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். வீட்டில் அடுப்பங்கரை அலமாரி வேண்டாம், வெயில் படாத அறையின் பீரோ சரி.

பூசும் இடம், தொடையின் வெளிப்பக்க மேல்பகுதி அல்லது பிட்டம். ஈஸ்ட்ரோஜன் ஜெல் பூசும் இடத்திலேயே இதைப் பூசக் கூடாது. குளித்து, துடைத்து, தோல் காய்ந்த பிறகு. எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போயிருக்க வேண்டும். மஞ்சள் பூசிய தோலும் வேண்டாம். அடுத்த குளியலுக்கு ஐந்து ஆறு மணி நேரம் இடைவெளி. தினமும் இடம் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் பூசினால் அங்கே மட்டும் முடி வளரும்.

சேலை கட்டுகிறவர்கள் வயிற்றிலோ இடுப்பிலோ பூச வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். இடுப்பின் அந்தத் திறந்த மடிப்பில்தான் பேரக்குழந்தையைத் தூக்கி உட்கார வைப்பார்கள். தோலோடு தோல் பட்டால் மருந்து குழந்தைக்குப் போகும். சின்னக் குழந்தைக்கு இந்த ஹார்மோன் பட்டால் காலத்துக்கு முந்திய பருவ மாற்றங்கள் வரும். கர்ப்பிணி மருமகளோ மகளோ வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், வயிற்றில் பெண் குழந்தை இருந்தால் அதற்கு ஆபத்து. தொடையில் பூசினால் உள்பாவாடை மூடிக்கொள்ளும். பூசியதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். காயும்வரை, குறைந்தது ஐந்து நிமிஷம், நெருப்புப் பக்கம் போகக் கூடாது. ஜெல்லில் இருப்பது ஆல்கஹால். குளித்ததும் பூசிவிட்டு நேரே விளக்கேற்றப் போவதும் கேஸ் பற்றவைக்கப் போவதும் நம் வீடுகளில் வழக்கம் என்பதால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: விளக்கு முதலில், ஜெல் பிறகு.

ஆரம்பித்து மூன்று முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. எண், மாதவிடாய் உள்ள இளம் பெண்களுக்கான வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும், பலன் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முகப்பருவும் கொஞ்சம் ரோமமும் வரலாம். அளவு சரியாக இருந்தால் அதோடு நிற்கும். அளவு மீறினால் தலைமுடி கொட்டும், குரல் தடிக்கும். குரல் தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. கோயிலில் பாடுகிறவர், டீச்சர் வேலையில் இருப்பவர் என்றால் கரகரப்பு ஆரம்பித்த அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கட்டும்.

பலன் எவ்வளவு? ஆய்வுகளில் சராசரியாக மாதத்துக்கு ஒரு திருப்தியான தாம்பத்தியம் கூடியது, ஆசை கூடியது, மனக்கஷ்டம் குறைந்தது. எண்ணில் சின்னதாகத் தெரிந்தாலும் வருஷக் கணக்கில் விலகிப்போன தம்பதிக்கு அது சின்னதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், பன்னிரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். பாதுகாப்புக்கான ஆய்வுகள் இரண்டு ஆண்டு அளவுக்குத்தான் இருக்கின்றன. அதற்கு மேல் தொடர்கிறவர்கள் அதைத் தெரிந்தே தொடர வேண்டும்.

கவுண்டரில் கவனிக்க வேண்டியது

செர்னோஸ் என்ற ஒரே பெயரில் ஜெல் பாக்கெட்டும் 40 மில்லிகிராம் கேப்ஸ்யூலும் நீண்ட நாள் வேலை செய்யும் டிப்போ ஊசியும் இருக்கின்றன. பெண்களுக்கு ஜெல் மட்டும்தான். "ஜெல் இல்ல, இதே மருந்து கேப்ஸ்யூல்ல இருக்கு, வாங்கிக்கோங்க" என்று சொன்னால் வாங்காதீர்கள். வாய் வழி டெஸ்டோஸ்டிரோன் கெட்ட கொழுப்பைக் கூட்டி நல்ல கொழுப்பைக் குறைக்கும். ஊசி ஒரு பெண் உடம்பு கண்டிராத அளவுக்கு ஏற்றிவிடும், போட்டபின் எடுக்கவும் முடியாது. தோலுக்கடியில் வைக்கும் பெல்லட்டுக்கும் இதேதான். நான்கைந்து மாதம் உள்ளே கரைந்துகொண்டிருப்பதை நடுவில் குறைக்க வழியில்லை. பெரிய ஊர் கிளினிக்குகள் எவ்வளவு அழகாக விளம்பரம் செய்தாலும் வேண்டாம். ஆன்லைனில் விற்கும் டிஹெச்ஈஏ என்ற ஹார்மோன் மாத்திரையால் ஆசை கூடுவதாக ஆதாரமில்லை. லாட்ஜில் ரூம் போட்டு மருந்து கொடுக்கிறவர்களின் லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டிபோலோன் 2.5 மில்லிகிராம், லிவியல் என்ற பெயரில் வருவது, சூட்டுக்கும் உதவும், ஆசைக்கும் கொஞ்சம் உதவும். ஜெல் அளக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே மாத்திரையில் முடியும் வழி. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால் கூடாது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அறவே கூடாது.

எல்லாமே சீட்டு இருந்தால் மட்டும் தர வேண்டிய மருந்துகள். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர், எடை, மார்பகப் பரிசோதனை முடித்து சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். மாதவிடாய் இன்னும் முழுசாக நிற்காதவர்கள், இந்த ஹார்மோன்கள் கருத்தடை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கரு உண்டாக வாய்ப்பிருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பூசவே கூடாது.

ஆறு மாதம் சரியான அளவில் பூசியும் பலன் இல்லையென்றால் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிட வேண்டும். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, அன்றைக்கே நிறுத்தலாம். ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் புரோஜெஸ்டிரோனும் உள்ளே பூசும் க்ரீமும் அதனால் நிற்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் பாக்கெட்டுகளைக் கணவருக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்காதீர்கள். ஆணுக்கும் ரத்தம் பார்த்துத்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். திறந்த பாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் சேருங்கள்.